பழைய பிக்கப்பில் பெஞ்ச் சீட்டுக்குப் பதில் பக்கெட் சீட்: பிராக்கெட் எப்படி?

பாடி_கிளட்ச்:
வண்டி 2004 மாடல் சிங்கிள் கேப் (ஒரே வரிசை சீட் கேபின்) பிக்கப். முன்னாடி மூணு பேர் உட்கார்ற ஒரே பெஞ்ச், ஃபோம் செத்துப்போச்சு. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில ஒரு ஹேட்ச்பேக்கோட முன் சீட் ரெண்டு, ஸ்லைடரோட (சீட்டை முன்னே பின்னே நகர்த்துற ரெயில்) வாங்கியாச்சு. போல்ட் ஓட்டை எதுவும் ஃப்ளோர்ல பொருந்தல. 25 மிமீ சதுரக் குழாயை ஃப்ளோர்ல வெல்டு பண்ணி மேல போல்ட் போட்டா போதும்னு டிங்கர் சொல்றார். போதுமா? இல்ல, நேரா சேஸிஸ்லயே போல்ட் போட்டா இன்னும் பலமா இருக்குமா? பெல்ட் பக்கிள் சீட்டோடயே இருக்கு.

பதிமூணு_ஸ்பேனர்:
சேஸிஸ் யோசனையை விட்டுடுங்க ப்ரோ. கேப் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு. பள்ளத்துல இறங்கும்போது கேப் ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம் அசையும். சீட்டை சேஸிஸோட கட்டினா ஃப்ளோர் தகடு போல்ட்டைச் சுத்தி கிழிய ஆரம்பிக்கும்.

நீங்க கடைசியா சொன்ன விஷயம்தான் இங்க முக்கியம். பக்கிள் சீட்ல இருந்தா, மோதும்போது பெல்ட் இழுக்கிற பாரத்துல பெரும்பங்கு சீட், ஸ்லைடர், பிராக்கெட் வழியாத்தான் ஃப்ளோருக்கு இறங்கும். பின்பக்க போல்ட் ரெண்டும் மேல பிடுங்கப் பார்க்கும். பழைய தகட்டுக்கு வெறும் வெல்டு அதைத் தாங்காது.

பிராக்கெட்டுக்கு 40x40x5 எல் ஆங்கிள், இல்லேன்னா 40x40x3 சதுரக் குழாய். குழாய்னா போல்ட் போற இடத்துல உள்ளே ஒரு சின்ன பைப் துண்டு செருகி வெல்டு பண்ணணும். அது இல்லாம முறுக்கினா குழாய் அமுங்கும், ஒரே மாசத்துல போல்ட் லூஸ். நிறைய பேர் விடுற தப்பு இது.

போல்ட் எம்10, தலையில 8.8னு (பலத்தோட கிரேடு) பொறிச்சிருக்கணும். பாரிமுனை ஹார்ட்வேர் கடையில கேட்டா கிடைக்கும். எழுத்தில்லாத போல்ட்டை சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க. ஒரு சீட்டுக்கு நாலு, நைலாக் நட்டோட (உள்ளே நைலான் வளையம் இருக்கிற, லூஸ் ஆகாத நட்). ஃப்ளோருக்கு அடியில ஒவ்வொண்ணுக்கும் 3 மிமீ கனத்துல 65x65 மிமீ பிளேட். ரேலி காருக்கான எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதியே குறைஞ்சது 40 சதுர செ.மீ., 3 மிமீ கனம்னு கேட்குது. வெறும் வாஷர் தகட்டைப் பிச்சிக்கிட்டு வந்துடும். பிளேட் மூலையை உருட்டி விடுங்க, கூர் மூலையில இருந்துதான் விரிசல் கிளம்பும்.

ட்ரில் போடுறதுக்கு முன்னாடி அடியில படுத்து பிரேக் லைன், டீசல் லைன், வயரிங் எங்க போகுதுன்னு பாருங்க. சென்டர் பஞ்ச், 3 மிமீ பைலட் ஓட்டை, அப்புறம் 6, கடைசியா 10.5 மிமீ. ஓட்டை விளிம்புக்கு ஜிங்க் பிரைமர். மேல பாலியூரிதேன் சீலன்ட். வினிகர் நாத்தம் அடிக்கிற சிலிகான் தகட்டை அரிக்கும். இந்த ஊர் உப்புக்காத்துக்கும் வேளச்சேரியில தேங்குற தண்ணிக்கும் பெயின்ட் போன ஓட்டை ஒரு மழைக்காலம் தாண்டாது.

எஃப்சி_தேதி:
இரும்பு வேலைக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

சீட்டோட சைடுல மஞ்சள் கனெக்டர் தொங்குதா பாருங்க. இருந்தா உள்ளே ஏர்பேக். அதை மல்டிமீட்டர் வெச்சு சோதிக்கவே கூடாது, வெடிக்கலாம். அந்த சீட் பக்கத்துல வெல்டிங்கும் வேண்டாம்; திருப்பிக் கொடுத்துட்டு ஏர்பேக் இல்லாததை வாங்குறது நல்லது.

அடுத்தது ஆர்சி. மூணு சீட்டுன்னு பதிவான வண்டி ரெண்டு சீட் ஆகுது. வண்டியை மாத்தி அமைக்கிறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இங்க வரும். ஆர்டிஓல முதல்லயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்க. சரக்கு வண்டிக்கு 8 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்சி (ஃபிட்னஸ் சான்று), அங்க சீட் எண்ணிக்கை கண்ணுல படும். விபத்துன்னா இன்சூரன்ஸ்காரரும் இதைத்தான் முதல்ல பிடிப்பார்.

பாடி_கிளட்ச்:
மஞ்சள் கனெக்டர் இல்லை, பார்த்துட்டேன். ரெயிலை தரையில வெச்சுப் பார்த்தா நடுவுல சிக்குது. உயரம் எப்படி முடிவு பண்றது?

பதிமூணு_ஸ்பேனர்:
சிக்குறதுக்குக் காரணம் ரெண்டு ரெயிலும் இணையா இல்லாதது. பிராக்கெட்டை தனியா வெல்டு பண்ணிட்டு சீட்டை மாட்டினா கண்டிப்பா சிக்கும், ஏன்னா வெல்டு சூட்டுல இரும்பு இழுத்துக்கும். சீட்டை ரெயிலோட பிராக்கெட்ல மாட்டி, முன்னும் பின்னும் முழுசா ஓட்டிப் பார்த்து, டேக் வெல்டு (அங்கங்க சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போடுங்க. ஈரச்சாக்கு போட்டு ஃபோமை மூடுங்க. பிறகு சீட்டைக் கழட்டிட்டு, எதிரெதிர் மூலையா மாறி மாறி முழு வெல்டு. பிராக்கெட் ஃப்ளோர்ல உட்காரும்போது நாலு காலும் தொடணும். ஒண்ணு தூக்கி நின்னா அடியில ஷிம் (மெல்லிய தகடு) வையுங்க, போல்ட்டால இழுத்து உட்கார வைக்காதீங்க. ரெயில் முறுக்கிக்கும். வண்டியிலயே வெல்டு பண்ணினா பேட்டரி நெகட்டிவ் கழட்டிடணும்.

உயரத்துக்கு டேப்பை விட பலகைதான் நல்லது. சீட்டை பலகைத் துண்டு மேல வெச்சு உட்காருங்க. கிளட்ச்சை முழுசா மிதிச்சா முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும், தொடை ஸ்டீயரிங்ல இடிக்கக் கூடாது, சீட் நடுவும் ஸ்டீயரிங் நடுவும் ஒரே கோட்டுல வரணும். சீட்டோட முன்பக்கம் பின்பக்கத்தை விட 15-20 மிமீ தூக்கலா இருந்தா பிரேக் போடும்போது ஆள் முன்னால வழுக்க மாட்டார். அந்த அளவு சரியானதும் பலகை உயரம்தான் உங்க பிராக்கெட் உயரம். கியர் லீவரை எல்லா கியர்லயும் போட்டுப் பாருங்க, இரண்டாவது சீட் ஓரம் கைமுட்டியில இடிக்கும்.

முறுக்கு 45 நியூட்டன் மீட்டர். 500 கிமீ ஓடினதும் இன்னொரு தடவை ரெஞ்ச் வெச்சுப் பாருங்க.

எஃப்சி_தேதி:
ஸ்லைடர் பூட்டு ரெண்டு பக்கமும் விழுதான்னும் பாருங்க. புதுப்பேட்டை சீட்ல இணைப்புக் கம்பி வளைஞ்சு ஒரு பக்கம் மட்டும் பூட்டுறது சகஜம். லீவரை விட்டுட்டு சீட்டை உலுக்கினா டக்குனு ஒரு மூலை ஆடும்.