அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வீடு

அண்ணன்: அந்த இரண்டு அறை வீட்டுக்கு இன்று மாலைக்குள் முன்பணம் கொடுக்கணும் என்று புரோக்கர் நிற்கிறார். வாங்கி வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

அம்மா: எந்த வீடு

அண்ணன்: போன வாரம் இந்தக் குழுவில் படம் போட்டேனே அம்மா

சித்தப்பா: நல்ல விஷயம். வாங்கு வாங்கு

அக்கா: இன்று மாலையேவா? காரும் இப்படித்தான் வாங்கினாய் அண்ணா

அண்ணன்: அது வேறு

அத்தை: விலையை மாத வாடகையால் வகுத்தால் எவ்வளவு வருகிறது?

அண்ணன்: 240 அத்தை

அத்தை: அப்படியானால் அந்த விலை 20 வருட வாடகை. வருடத்துக்கு விலையில் 5 சதவீதம். ஒரு நாள்கூடக் காலியாக இல்லாமல், ஒரு குழாய்கூட ஒழுகாமல் இருந்தால்தான் அந்த 5. நான் 15 வருடமாக வீடு விடுகிறேன். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, வெள்ளையடிப்பு, மோட்டார், வரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் கழித்தால் 12 மாத வாடகையில் 8 மாதம்தான் என் கையில் நிற்கிறது. உனக்கும் அப்படி என்றால் 5 என்பது 3.3 ஆகிவிடும். கடன் எவ்வளவு, என்ன வட்டி?

அண்ணன்: விலையில் 80 சதவீதம். 9 வட்டி, 20 வருடம்

அப்பா: நல்ல வட்டிதான்

அத்தை: இரு அண்ணா, கணக்குப் போடுகிறேன்

அம்மா: ஏணி யார் வீட்டில் இருக்கிறது? பரண்மேல் ஒரு பெட்டி எடுக்கணும்

சித்தப்பா: என்னிடம்தான் அண்ணி. நாளைக்குக் கொண்டு வருகிறேன்

அம்மா: போன மாதமும் நாளைக்குத்தான் தம்பி

அத்தை: போட்டுவிட்டேன். மாதத் தவணை ஒன்றே முக்கால் வாடகை அளவுக்கு வருகிறது. செலவு போக வீடு தருவது முக்கால் வாடகைகூட இல்லை. மீதி, அதாவது இன்னொரு முழு வாடகை அளவு, உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும். முதல் தவணையில் 100க்கு 83 வட்டிக்கே போய்விடும், அசல் அசையவே நாளாகும். வாங்காதே என்று சொல்லவில்லை. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்பி வாங்காதே.

அண்ணன்: புரோக்கர் வாடகை தவணைக்குப் போதும் என்றாரே

அக்கா: அவருக்குக் கமிஷன்

சித்தப்பா: விலை ஏறுமே அக்கா, அதைச் சேர்க்கவில்லையே

அத்தை: ஏறலாம் தம்பி. பல வருடம் ஏறாமலும் நிற்கும். ஏறினாலும் விற்கிற அன்றுதான் அது பணம். தவணை மாதாமாதம் வரும்.

நான்: என் நண்பன் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறான் அண்ணா. வாங்கினால் சொல்

அத்தை: தெரிந்தவன் என்பதற்காக விடாதீர்கள். என்ன வருமானம், முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்கணும். குடிவரும் அன்றே சுவர், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் இரண்டு பேரும் நின்று படம் எடுக்கணும். அவன் தரும் முன்பணத்தைத் தனியாக வை, அது திருப்பித் தரவேண்டிய பணம். அப்புறம், சொந்தமே ஆனாலும் ஒப்பந்தம் எழுதித்தான் சாவியைக் கொடுக்கணும்.

சித்தப்பா: இது எனக்கா?

அப்பா: ஆரம்பித்தாயிற்றா

அத்தை: உன்னைக் குத்திக்காட்டவில்லை தம்பி. மாடி வாடகை 7 மாதம் நின்றது. கேட்க எனக்கு வாய் வரவில்லை, உனக்கும் சொல்ல வாய் வரவில்லை. நம் அம்மா இறந்த அன்றுதான் மறுபடி பேசினோம். எழுதி வைத்திருந்தால் அந்த இரண்டு வருடம் நமக்குள் வீணாகியிருக்காது. பிள்ளைகளுக்கு அது வரவேண்டாம்.

சித்தப்பா: சரி அக்கா

சித்தப்பா: நீ சொல்வது சரிதான்

அம்மா: பழசை விடுங்கள். அவன் கேட்டதற்கு என்ன பதில்

அண்ணன்: அத்தை, கடனைப் பாதியாகக் குறைத்தால்? அப்பாவும் சேர்கிறேன் என்றார்

அக்கா: அப்பா எப்போது சொன்னார்??

அப்பா: யோசிக்கலாம் என்றேன்

அம்மா: என்னிடம் சொல்லவே இல்லை

அத்தை: அப்போதும் தவணை, செலவு போக வீடு தருவதைத் தாண்டும், ஆனால் தாங்கலாம். 6 மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்த பிறகும் கையில் பணம் மிஞ்சுகிறதா என்று பார். அப்பா சேர்ந்தால் யார் பங்கு எவ்வளவு, விற்கும்போது எப்படி என்று அதையும் எழுது. பத்திரத்தை வக்கீல் பார்க்கும்வரை முன்பணம் வேண்டாம்.

அண்ணன்: புரோக்கரிடம் இரண்டு நாள் கேட்கிறேன்

அக்கா: தரமாட்டார்

அத்தை: தராவிட்டால் வேறு வீடு வரும்

அண்ணன்: நாளைக் காலை நீங்களும் வந்து ஒருமுறை பாருங்கள் அத்தை

அத்தை: எத்தனையாவது மாடி? முழங்கால்

அண்ணன்: மூன்றாவது. லிப்ட் உண்டு

அத்தை: லிப்ட் இருந்தால் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாயா?

அண்ணன்: கேட்கிறேன்

அப்பா: நானும் வருகிறேன்

அம்மா: முதலில் இங்கே வாருங்கள், பேசணும்