30 வருடம் கண்ணில் படவில்லை என்றால் அற்றுப்போனது என்று அர்த்தமா?

மண்கொத்தி கேட்டது:
2025 அக்டோபரில் வந்த சிவப்புப் பட்டியலில் (அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகப் பட்டியல்) மெல்லலகுக் கர்லூ என்ற, வளைந்த அலகுள்ள கரைப்பறவையை அற்றுப்போன இனமாக அறிவித்துவிட்டார்கள். கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா செர்கா காயலில். சைபீரியாவிலிருந்து மத்தியதரைக்கடல் வரை பறந்து திரிந்த பறவை. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஏதோ ஒரு சதுப்பில் நாலைந்து மிச்சம் இருக்காது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? அற்றுப்போனதாக நினைத்த ஜெர்டன் கோர்சர் என்ற பறவை திரும்பக் கிடைக்கவில்லையா?

வரப்புக்குருவி:
எனக்கும் இதே சந்தேகம்தான். பப்புவா நியூகினியாவில் ஃபெர்குசன் தீவின் ஃபெசன்ட் புறாவை 1882க்குப் பிறகு யாருமே பதிவு செய்யவில்லை. 2022இல் தானியங்கி கேமராவில் வந்து நின்றது. 140 வருடம்!

சேற்றுக்கால்:
இரண்டு பேரும் சொல்லும் பறவைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபெசன்ட் புறா, மனிதர் எளிதில் ஏற முடியாத மலைக்காட்டுப் பறவை. ஜெர்டன் கோர்சர் முட்புதர்க்காட்டில் இரவில் நடமாடுவது. 1900 வாக்கில் காணாமல் போய், 1986இல் கிடைத்து, மறுபடி மறைந்து, 2025 ஆகஸ்டில் ஆந்திராவில் குரல் மட்டும் பதிவானது. அதைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பினால், இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

கர்லூ கதை வேறு. குளிர்காலத்தில் திறந்த சேற்றுவெளியில் நிற்கும் பறவை அது. அந்தக் கரைகளில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வருடாவருடம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வேறு நடக்கிறது. அத்தனை கண்களுக்கும் 30 வருடம் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை என்றால் அந்த 'இல்லை'க்குக் கனம் அதிகம். எத்தனை வருடம் ஆயிற்று என்பதைவிட, அந்த வருடங்களில் எவ்வளவு தேடினார்கள், தேடினால் தென்படக்கூடிய பறவையா என்பதுதான் கேள்வி. பழைய பதிவுகள், தேடல்கள், வாழிட அழிவு, வேட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்ட 2024 ஆய்வு, இது அற்றுப்போயிருக்க 96 சதவீத வாய்ப்பு என்றது.

இன்னொரு சிக்கல், தோற்றம். இதன் உறவான ஐரோப்பியக் கர்லூ வளர்ந்தால் அலகு நீளமாக இருக்கும், இளசுக்குக் குட்டை; அதை மெல்லலகு என்று நினைத்துவிடலாம். நானே ஒருமுறை சேற்றில் தனியாக நின்ற ஒன்றைப் பார்த்து, கை நடுங்க 40 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் விலாவில் இருந்தவை சாதாரணக் கோடுகள். மெல்லலகுக்கு அங்கே இதய வடிவில் கரும்புள்ளிகள் இருக்க வேண்டும். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை! இப்படித்தான் ஒற்றைப் பறவைச் செய்திகள் கிளம்புகின்றன.

ஆனால் அவசரப்பட்டு அறிவிப்பதிலும் ஆபத்து உண்டு. ஜூலியட் இறந்துவிட்டாள் என்று நம்பி ரோமியோ உயிரை விட்டதுபோல, 'அற்றுப்போனது' என்றதும் காட்டையும் கைவிட்டுவிடுவார்கள். இதற்கே 'ரோமியோ பிழை' என்று பெயர். பிலிப்பைன்ஸின் செபு தீவில் காடே போய்விட்டது, அங்கிருந்த பூக்கொத்தி என்ற சிறு பறவையும் போயிற்று என்று முடித்துவிட்டார்கள். 1992இல் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டில் அது இருந்தது. அதனால்தான் பட்டியல்காரர்கள் இவ்வளவு தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொரு தேதி. இந்தப் பறவையைக் காக்க நாடுகள் சேர்ந்து உடன்பாடு செய்துகொண்டது 1994இல். அடுத்த பிப்ரவரிக்குப் பிறகு சந்தேகமில்லாத பதிவே இல்லை. அது எங்கே கூடு கட்டுகிறது என்பதுகூட அப்போது தெரியாது. கூடுகளைக் கண்டு எழுதியவர் உஷகோவ் என்ற ஒரே ஒருவர். ஓம்ஸ்க் பக்கம் தாரா என்ற ஊருக்கு அருகில், அதுவும் 1920களோடு சரி.

மண்கொத்தி:
சேற்றுக்கால் அண்ணா, நன்றி. தேடிய அளவு என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்புறம், 1998இல் இங்கிலாந்தில் ஒன்று பார்த்ததாகப் படித்தேனே, அது?

சேற்றுக்கால்:
நார்தம்பர்லாந்து, ட்ரூரிட்ஜ் விரிகுடா. முதலில் ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு மறுபடி அலசி, அது மெல்லலகுதான் என்று நிரூபிக்க அந்த ஆதாரம் போதாது என்று பிரிட்டனின் பறவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். என் 40 படமும் இன்னும் கணினியில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். சிரிக்கக் கூடாது.