கேரவனில் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் போடலாமா?

நொய்யல்கரை: பழைய வேனைப் பட்டறையில் கொடுத்துக் கேரவனாக மாற்றியாச்சுங்க. தை மாசம் குடும்பத்தோடு கர்நாடகக் கடற்கரையில் இருக்கிற முருடேஸ்வரம் போய் நேத்ராணி தீவில் கடலடி டைவ், திரும்பும்போது மைசூர், திம்பம் மலைப்பாதை வழியாகச் சத்தியமங்கலம். தண்ணிக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைக்கிற சொந்த ஸ்கூபா சிலிண்டர் ரெண்டையும் நிரப்பியே எடுத்துப் போகலாம் என்று பார்க்கிறேன். மச்சான் வெயிலுக்கு வெடிச்சிரும் என்கிறார்.

பவானி டைவர்: மச்சானுக்குக் கணக்குச் சொல்லுங்க. 27 டிகிரியில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, வண்டிக்குள் 57 டிகிரி ஆனால் 220 பார்தான் வரும். 207 பார் வரை நிரப்புகிற அலுமினிய சிலிண்டரை 345 பாரில் சோதித்துத்தான் விடுகிறார்கள். சோதனைத் தேதி தாண்டாமல், உள்ளே துரு இல்லாமல் இருந்தால் தாராளமா எடுத்துப் போங்க.

சென்னிமலை அக்கா: வெடிக்கிறதை விடுங்க தம்பி, உருள்றதைச் சொல்லுங்க! காலி சிலிண்டரே 14 கிலோவுக்கு மேல், திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ஒரு பிரேக்கில் அது கிளம்பி வால்வு எதிலாவது மோதி உடைந்தால் உள்ளே இருக்கிற காற்றே அதை ராக்கெட் மாதிரி தள்ளிவிடும், கட்டிலில் பிள்ளைங்க படுத்திருக்கும். டைவ் கடையிலேயே சிலிண்டரும், மூழ்குறதுக்குக் கட்டிக்கிற ஈயக் கட்டியும் தருவாங்க, எதுக்கு இந்தச் சுமை?

பவானி டைவர்: வாடகை சிலிண்டர் எப்படிப் பராமரித்தது என்று யாருக்குத் தெரியும்க்கா? படுக்க வைத்து, வண்டிக்குக் குறுக்காக, தரையில் போல்ட் போட்ட கொக்கியில் ராட்செட் பெல்ட்டால் ரெண்டு இடத்தில் இறுக்கினால் அசையாது. சமையல் கேஸ் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

சென்னிமலை அக்கா: பழைய வேனில் தரைத் தகடே துருப்பிடித்திருந்தால் போல்ட் எதில் நிற்கும்? பட்டறையில் முதலில் அதைக் கேளுங்க. வரும்போதாவது காலியாக வரட்டும், ஆனால் முழுசா இறக்க வேண்டாம், 20 பார் விட்டு மூடினால் ஈரம் உள்ளே போகாது. இன்னொன்று, டைவ் முடித்த அன்றே மலை ஏறாதீங்க, அது உடம்புக்கு ஆகாது.

நொய்யல்கரை: சரிங்க்கா. ஈரமான டைவ் உடுப்பைக் குளியலறையில் தொங்கவிடலாமா? அலச வண்டித் தொட்டித் தண்ணி பத்துமா?

பவானி டைவர்: நல்ல தண்ணியை வீணாக்காதீங்க, கடைத் தொட்டியிலேயே அலசிடுங்க. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டு வரும் ரெகுலேட்டரின் தூசி மூடி இறுக்கமாக இருக்கணும், நனைந்திருக்கும்போது அதில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அமுக்கவே கூடாது, அமுக்கினால் தண்ணி ஹோஸ் வழியாக உள்ளே ஏறிடும். உடுப்பு குளியலறையில் தொங்கட்டும்.

சென்னிமலை அக்கா: மூடிய குளியலறையில் ஒரு ராத்திரி தொங்கினால் வண்டி முழுக்க நாறும் தம்பி. நிழலில் வெளியே காயப்போட்டு, முக்கால் காய்ந்த பிறகு உள்ளே கொண்டு வாங்க. வெயிலில் போட்டால் உடுப்பின் நியோப்ரீன் ரப்பர் மொடமொடன்னு ஆயிரும். ஆழமும் நேரமும் காட்டுற டைவ் கம்ப்யூட்டரையும் வெயில் படுற டேஷ்போர்டில் வைக்காதீங்க.

நொய்யல்கரை: சரி, சிலிண்டர் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கிறேன், ரெகுலேட்டரும் உடுப்பும் மட்டும் என்னுடையது. மச்சான்கிட்ட வெயிலால்தான் விட்டேன்னு யாரும் சொல்லிடாதீங்க.

பவானி டைவர்: பெல்ட் போட்டால் போதும்னு இப்பவும் சொல்றேன்.