குறும்படம் எடுக்க முதல் வீட்டுக்காரரோட இருந்து கதையுங்கோ

எந்தக் கமரா, எந்த லென்ஸ் எண்டுதான் பிள்ளையள் முதல்ல கேக்கினம். என்னைக் கேட்டால், படப்பிடிப்புக்கு முந்தின வேலையில பாதி, இடத்துக்குச் சொந்தக்காரரோட இருந்து கதைக்கிறதுதான்.

எங்கட இறுதியாண்டுப் படத்துக்கு ஒரு நாற்சார் வீடு, நடுவில முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டின வீடு, தேவைப்பட்டுது. யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டுப் போனம். "எவ்விடம் பிள்ளையள்? நீ ஆரின்ர மோன்?" எண்டு ஆச்சி விசாரிச்சு, தேத்தண்ணி தந்து முடிஞ்ச பிறகுதான் படத்தைப் பற்றிக் கதைக்கவே முடிஞ்சுது. கதையில ஒரு செத்தவீடு வருது. அதை மறைச்சு அனுமதி வாங்க எனக்கு மனமில்லை, முழுசாய்ச் சொன்னன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சாமியறைப் பக்கம் மட்டும் எடுக்காதேங்கோ" எண்டா.

பிறகு அவவே ஒவ்வொண்டாய்ச் சொல்லத் தொடங்கினா. விடிய பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால போகும். பின்னேரம் பக்கத்துத் தோட்டத்தில தண்ணி இறைக்க மோட்டர் போடுவினம். நடுமுற்றத்துத் தரையில பத்து மணிக்குப் பிறகுதான் வெயில் விழும், மத்தியானம் திரும்பினால் கிழக்கு விறாந்தையில ஏறும். எல்லாத்தையும் கொப்பியில எழுதி, அதை வச்சே நாள் திட்டம் போட்டம். வசனக் காட்சியெல்லாம் பத்துக்கும் ரெண்டுக்கும் இடையில, கதை பேச்சில்லாத காட்சியள் மோட்டர் ஓடுற நேரத்தில. எந்தப் புத்தகமும் இவ்வளவு சொல்லாது.

காலத்தையும் பாருங்கோ. சோளகம் எண்ட தென்மேல் பருவக்காத்து அடிக்கேக்க பனங்கூடலுக்குள்ள மைக் பிடிச்சால் ஓலைச் சத்தம்தான் கேக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில வசனக் காட்சி வைக்காதேங்கோ. எனக்கெண்டால் மாசி, பங்குனிதான் வாய்ச்ச காலம்.

ஒரு பக்கத் திரைக்கதை ஒரு நிமிசம் எண்டுவினம். எங்கட ஆக்கள் கதைக்கிறதில நிறுத்தம் கூட, அதால நடிக்கிற ஆக்களை வச்சு வாசிப்பிச்சு நேரம் பாருங்கோ.

---

அண்ணா, வெளிச்சத்தைப் பற்றி நானும் ஒண்டு சேர்க்கிறன்.

நாங்கள் சலூன் ஒண்டுக்குள்ள எடுக்கத் திட்டம் போட்டம். கடைக்கார ஐயா இரவு கடை பூட்டின பிறகு ரியூப்லைற்றைப் போட்டு, ஆறுதலாய்ச் சோதிச்சுப் பாக்க விட்டார். ஃபோன் வழமைபோல செக்கனுக்கு 30 ஃபிரேமில நிண்டுது. கண்ணாடிச் சுவரில கறுப்புப் பட்டி மேலயும் கீழயும் ஓடுறது திரையில வடிவாய்த் தெரிஞ்சுது. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், 30 ஃபிரேம் அதோட ஒத்துவராது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 செக்கன் எண்டு மாத்தினதோட பட்டி இல்லாமல் போச்சுது. ஐயாவும் எட்டிப் பாத்து, "இப்ப சரி தங்கச்சி" எண்டார்.

ட்ரோன் பறக்க விடுற யோசனை இருந்தால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின்ர விதிகளை முதலே வாசியுங்கோ. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள எடுக்கிறதெண்டால் தொல்பொருள் திணைக்களத்திட்ட அனுமதி கேளுங்கோ. ரெண்டுக்கும் உங்கட துறைத்தலைவரின்ர கடிதத்தை நேரத்தோட எடுத்து வையுங்கோ.