புற்றுநோய் இரண்டாம் முறை வந்திருக்கிறது. வேலையை விடுவதா? மகளிடம் எப்போது சொல்வது?

செக்கிங்டேபிள், திருப்பூர்

வணக்கம். எனக்கு 44 வயது. ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2019ல் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்தேன். அதற்கப்புறம் தினமும் டமாக்சிபென், ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை. முடி வளர்ந்து வேலைக்குத் திரும்பியபின் ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட்கூடப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆவணியில் இடுப்பு வலி ஆரம்பித்தது. நாள் முழுக்க நின்றபடி பீஸைத் திருப்பித் திருப்பி ஓட்டை, கறை, தையல் விட்டது பார்க்கிற வேலை. எங்கள் பிரிவில் இடுப்பு வலி இல்லாத ஆளே கிடையாது. ஆனால் இது படுத்தால் அதிகமாகிற வலி. செக்கப்பில் சொன்னேன். பெட் ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருப்பது தெரிந்தது. பயாப்சியில் பழைய வகையேதான்: ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்கிற வகை; ஹெர்2 நெகட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகம் இல்லாதது.

டாக்டர் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். முழுதாகக் குணமாக்க முடியாது, மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், வேலைக்குப் போய்க்கொண்டே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு என்றார். பால்போசிக்ளிப் என்ற மாத்திரை 21 நாள், பிறகு ஒரு வாரம் இடைவெளி. கூடவே தினம் ஹார்மோனைக் குறைக்கிற லெட்ரோசோல், மாதவிடாயை நிறுத்த மாதாமாதம் வயிற்றில் ஊசி, எலும்புக்கு சோலிட்ரானிக் ஆசிட் டிரிப்.

போன தடவை எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இத்தனை கீமோ, இத்தனை ரேடியேஷன், இந்த மாதம் முடியும், அடுத்த மாதம் வேலை. அதைச் சொல்லித்தான் லீவு கேட்டேன். அதைச் சொல்லித்தான் அம்மா காங்கேயத்திலிருந்து வந்து கூட இருந்தார். மாமியாரும் அதை வைத்துத்தான் பொறுத்துக்கொண்டார். இந்தத் தடவை முடிகிற தேதி என்று ஒன்றும் கிடையாது. மருந்து கேட்கிறவரை இது, கேட்காமல் போனால் வேறொன்று. தேதியே இல்லாததற்கு எப்படி லீவு கேட்பது? யாரை வந்து இருக்கச் சொல்வது? ராத்திரி என்னைத் தூங்கவிடாதது இந்தக் கேள்விதான்.

கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார், பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மாதம் என் சம்பளம் இல்லாமல் வாடகையும் மகளின் டியூஷனும் ஓடாது. மகள் பிளஸ் டூ, மார்ச்சில் பரீட்சை. 2019ல் என் முடி கொட்டியபோது பாயிலிருந்து வாரி எடுத்துப் போட்டவள் அவள். பரீட்சை முடியட்டும், அதுவரை அவளிடம் மூச்சு விடாதே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மகன் ஏழாவது, அவனுக்கு இடுப்பு வலி என்று மட்டும் தெரியும்.

வேலையும் வீடும் வைத்துக்கொண்டு இதைத் தாண்டுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நூல்கணக்கு, கோவை

அக்கா, நான் மில்லில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்குப் பார்க்கிறவன். உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் தயவுசெய்து ராஜினாமா எழுதிக்கொடுக்காதீர்கள். விட்டால் சந்தா நிற்கும், கொஞ்ச மாதத்தில் வைத்தியமும் நிற்கும். பெயர் ரோலில் இருக்கட்டும்.

லீவில் இருக்கும் நாளுக்கு 70 சதவீதம் பணம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அது வருடத்துக்கு 91 நாள்தான். அதற்கு மேலே நீட்டித்த நோய்க்காலப் பலன் என்று ஒன்று இருக்கிறது. 34 நோய்களுக்கு மட்டும், அதில் புற்றுநோய் உண்டு. 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், கடைசி நான்கு சந்தா காலத்தில் (ஒன்று ஆறு மாதம்) 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். கம்பெனியில் பிடித்ததை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று உங்கள் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) வைத்து இப்போதே பாருங்கள். இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். நோய் வந்தபிறகு சந்தா விடுபட்டது தெரிந்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

லீவுக்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட், பயாப்சி எல்லாம் நகல் எடுத்து அவரிடம் கொடுத்து வையுங்கள்.

பொருநைக்கரை

தங்கச்சி, நான் திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. எனக்கும் 2021ல் எலும்பில் திரும்ப வந்தது. இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன், இன்றும் வகுப்பெடுக்கிறேன். நான் ஆரம்பித்தபோது விலையைக் கேட்டு வீட்டுக்காரர் ஆடிப்போனார். 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தபின் விலை நன்றாக இறங்கிவிட்டது.

தேதி பற்றிக் கேட்டீர்கள். எனக்கு மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன், அந்த மூன்று மாதம்தான் என் தேதி. தலைமை ஆசிரியரிடம் "இனி எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லவில்லை. "அடுத்த ஸ்கேன்வரை மாதத்தில் இந்த இரண்டு நாள் வரமாட்டேன், மற்ற நாள் வருவேன்" என்றேன். அதை யாராலும் புரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் அம்மாவையும் அப்படியே கூப்பிடுங்கள், ஆறு மாதத்துக்கு அல்ல, மாத்திரையின் மூன்றாவது வாரத்துக்கு. எனக்கு அப்போதுதான் கால் எடுத்து வைக்க முடியாத அசதி. வெள்ளை அணுக்கள் குறையும், சில சமயம் அடுத்த சுற்றை ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். அது நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சோலிட்ரானிக் டிரிப்புக்கு முன்னால் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும், பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பண்டல் தூக்காதீர்கள். காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவது தெரியாமல் இருந்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது, தண்டுவடம் அழுந்துகிற அறிகுறி அது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வலி விடவில்லை என்றால் அந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷன் உண்டா என்று கேளுங்கள், பலருக்கு ஒரே ஒரு தடவை கொடுப்பதே போதும்.

மாடிவீட்டுப்பெண்

ஆன்ட்டி, நான் பிளஸ் டூ படித்தபோது என் அம்மாவுக்குத் திரும்ப வந்தது. என்னிடம் சொல்லவில்லை. நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். பீரோவில் துணிக்கு அடியில் மாத்திரை அட்டை கிடைத்தது, பெயரைப் போட்டு போனில் தேடினேன். தேடினால் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். நானும் அம்மாவிடம் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தனியாக வைத்துக்கொண்டுதான் கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதினேன். உங்கள் மகளுக்கு ஒரு தடவை பார்த்த அனுபவம் இருக்கிறது, நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவள் கண்ணில் படாமல் இருக்காது. நீங்களே சொல்லுங்கள், ப்ளீஸ். போன தடவை மாதிரி முடி முழுக்கக் கொட்டுகிற மருந்து இல்லை, அம்மா வேலைக்குப் போவேன், உன் பரீட்சைக்கு வீட்டில் இருப்பேன் என்று நிஜமானதைச் சொன்னால் போதும்.

செக்கிங்டேபிள், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி சந்தாவைப் பார்த்தேன், எல்லா மாதமும் கட்டியிருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் தனியாகச் சொன்னேன். லேபிள், பட்டன் கொடுக்கிற ஸ்டோரில் உட்கார்ந்து கணக்கெழுதும் இடம் இருக்கிறது, மேனேஜரிடம் கேட்கிறேன் என்றார். அங்கே ஓவர்டைம் கிடையாது, பணம் குறையும். பரவாயில்லை. நின்று பார்க்க என்னால் இனி முடியாது.

அந்தப் பிள்ளை எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்றே சொல்லிவிடலாம், நானும் கூட இருக்கிறேன் என்றார். மாமியாரிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா, ஒன்று கேட்கணும். மாத்திரையை எந்தக் கிழமை ஆரம்பித்தால் வேலைக்குத் தோது?

பொருநைக்கரை

டாக்டர் சரி என்றால் திங்கட்கிழமை ஆரம்பியுங்கள். 28 நாள் சுற்று, அதனால் ஒவ்வொரு சுற்றும் திங்களிலேயே ஆரம்பிக்கும், ஒரு வாரம் தள்ளிப்போனாலும் திங்கள்தான். முந்தின சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டால் ரிப்போர்ட் கையில் இருக்கும். முதல் இரண்டு சுற்றில் 15ஆம் நாளும் ரத்தம் பார்ப்பார்கள், அதுவும் திங்களில் விழும். அந்த இரண்டு திங்களுக்கு மட்டும் காலையில் அரை நாள் பர்மிஷன் இப்போதே கேட்டு வையுங்கள்.