எம்டபிள்யூடி–மோட்டார் ஆஃப்செட் அளப்பது எப்படி?

கேள்வி: கிணறு துளையிடும் குழாய்த்தொடரில் 6¾ அங்குல மட் மோட்டார் (துளைச்சேற்றின் ஓட்டத்தால் துளைமுனையைச் சுழற்றும், வளைவுள்ள மோட்டார்), மேலே எம்டபிள்யூடி (துளையிடும்போதே திசையை அளக்கும் கருவி). இரண்டின் ஸ்க்ரைப் கோடுகளும் (திசையைக் காட்ட மேலே கீறிய குறிகள்) ஒரே நேரில் இல்லை. இரண்டு கோடுகளுக்கும் இடையிலான ஆஃப்செட் கோணத்தைச் சரியாக எடுப்பது எப்படி?

பதில்: இடையிலுள்ள இணைப்புகளை எல்லாம் முதலில் முழு டார்க்குக்கு முறுக்கிவிடுங்கள். அதற்கு முன் எடுத்த அளவு நிற்காது. எம்டபிள்யூடி கோட்டை நேராக மோட்டார் வரை இறக்கி, அங்கிருந்து மோட்டார் கோடு வரை, கிணற்றுக்குள் பார்த்தபடி வலஞ்சுழியாக நாடாவால் அளவிடுங்கள். வில் நீளத்தைச் சுற்றளவால் வகுத்து 360 ஆல் பெருக்குங்கள். சுற்றளவு சுமார் 539 மி.மீ.; 1.5 மி.மீ. பிசகினாலே 1 டிகிரி போய்விடும்.

இன்னொரு பதில்: தேய்ந்த காலரில் (தடித்த துளைக்குழாய்) அந்த 539 பொருந்தாது, அளக்கும் இடத்திலேயே நாடாவைச் சுற்றிப் பாருங்கள். இடஞ்சுழியாக அளந்தால் 90 என்பது 270 ஆகிவிடும். கிணறு நேர் எதிர்ப்பக்கம் திரும்பும்.

கேட்டவர்: நன்றி. கிணற்றின் சாய்வு 2 டிகிரிதான், ஈர்ப்பு டூல்ஃபேஸ் (கிணற்றின் மேல்பக்கத்திலிருந்து மோட்டார் வளைவு பார்க்கும் கோணம்) தாவுகிறது.

பதில்: சாய்வு சுமார் 5 டிகிரி ஆகும் வரை காந்த டூல்ஃபேஸில் (அதே கோணத்தைக் காந்த வடக்கிலிருந்து அளப்பது) ஓட்டுங்கள். பக்கத்தில் கேசிங் (இரும்பு உறைக்குழாய்) இருந்தால் காந்த அளவு கெடும், கைரோதான் (காந்தத்தை நம்பாத திசைக்கருவி).