உள்ளி நட கீழ்நோக்கு நாள்: ஊர்க் கலண்டரோ, ரொறன்ரோ நேரமோ?

வளவுக்காரி (ஸ்காபரோ):
பின்வளவிலை தக்காளி, கத்தரி எல்லாம் பிடுங்கியாச்சு. அந்தப் பாத்தியிலை உள்ளி (வெள்ளைப்பூண்டு) போடப்போறன். போன வருசம் நவம்பர் கடைசியிலை கை விறைக்க விறைக்க ஊண்டி, யூலையிலை கிண்டினால் கொட்டைப்பாக்களவுதான். "நாள் பாராமல் நட்டால் உப்பிடித்தான்" எண்டு அம்மா இன்னும் சொல்லுறா. இந்தமுறை குசினியிலை தொங்கிற ஊர்க் கலண்டரைப் பாத்து, ஒக்டோபர் 16, 17, 18 எண்டு குறிச்சிட்டா. ஆயில்யம், மகம், பூரம், மூண்டும் கீழ்நோக்கு நட்சத்திரம், மண்ணுக்குக் கீழை விளையிறதை நட நல்லதாம், தேய்பிறையும்கூட. எனக்கு லீவு 18 சனி மட்டும். நடலாமோ? கறிவேப்பிலைச் சாடியை உள்ளுக்கு எடுக்கவும் நாள் பாக்க வேணுமோ?

நயகராத் தோட்டம்:
தங்கச்சி, போனமுறை பிழைச்சது நட்சத்திரத்தாலை இல்லை, பிந்தினதாலை. நிலம் உறைய முந்தி வேர்விட நாலு, ஐஞ்சு கிழமை வேணும். சமையலுக்கு வாங்கின உள்ளியைத்தான் ஊண்டினீங்களோ? ஹார்ட்நெக் எண்ட, நடுவிலை கெட்டித் தண்டு வாற விதையுள்ளி வாங்குங்கோ. மண்ணுக்குள்ளை கிடந்து குளிர் பட்டால்தான் அது பல்லுப் பிரியும். கூர்ப்பக்கம் மேலை, ரெண்டு அங்குல ஆழம், பிறகு சருகு மூடுங்கோ. எந்த நாள் எண்டது உங்கட விருப்பம்.

பஞ்சாங்கப்பிள்ளை:
அம்மா குறிச்சது சரி, ஆனா அது ஊர் நேரம். பூரம் அங்கை சனி பின்னேரம் முடியுது. இப்ப ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அப்ப இங்கை சனி விடியமுந்தியே உத்தரம் பிறந்திடும். அது மேல்நோக்கு. வெள்ளி வேலையாலை வந்தோடனை ஊண்டுங்கோ.

இன்னொண்டு, கீழ்நோக்கும் தேய்பிறையும் வேறவேற கணக்கு. சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுத்த 27 நாளும் கொஞ்சமும். அமாவாசைக்கு அமாவாசை 29½. மாசியிலை இதே மகம் பௌர்ணமியோடை வரும், அதுதானே மாசிமகம். தீபாவளி அமாவாசை சுவாதிப் பக்கம் வாறதாலைதான் அதுக்கு முந்தி வாற இந்த மூண்டும் இப்ப தேய்பிறையிலை விழுகுது.

மிசிசாகா மாமி:
பிள்ளை, கறிவேப்பிலைக்கு நாளும் கோளும் பாக்காதையுங்கோ! இரவிலை 10 பாகைக்குக் கீழை இறங்கத் தொடங்கினால் உள்ளுக்கு எடுக்கிறதுதான். அமாவாசை கழியட்டும் எண்டு நான் ஒருக்கா விட்டு, ஏழு வருச மரம் ஒரே இரவிலை கறுத்துப்போச்சு. எடுக்க முந்தி இலைக்குப் பின்பக்கமும் தண்டும் பாருங்கோ, செதில்பூச்சி ஒட்டியிருக்கும்.

வளவுக்காரி:
நன்றி எல்லாருக்கும். சாடி நேற்றிரவே உள்ளுக்கு வந்திட்டுது மாமி, பூச்சியும் இருந்தது, சவர்க்காரத் தண்ணியாலை துடைச்சிட்டன். அண்ணை, ஓம், சமையல் உள்ளிதான். விதையுள்ளிக்குச் சொல்லியிருக்கு.

ஒன்பதரை மணித்தியாலக் கணக்கை அம்மா உடனை ஒத்துக்கொண்டா. ஆனா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்திலை மண்வெட்டி தூக்கக்கூடாதாம். நான் வீட்டை வாறதே ஐஞ்சரைக்கு, ஆறரைக்கு இருட்டிப்போகும். வியாழனே பாத்தியைக் கொத்தி வைச்சிட்டு, வெள்ளி விரலாலை ஓட்டை போட்டு ஊண்டப்போறன். விரல் மண்வெட்டி இல்லையே.